பையில் பொட்டலம் கிடைத்தால்: முதல் ஏழு நாட்கள்

சீருடையைத் துவைக்கப் போடும்போது கால்சட்டைப் பையில் ஒரு சின்னப் பாக்கெட். ஜியாமெட்ரி பாக்ஸின் அடியில் காலி மாத்திரை அட்டை. டியூஷன் முடிந்து வந்த பிள்ளையின் கைக்குட்டையில் தின்னர் வாடை. பதின்ம வயதில் தொடங்கும் போதைப் பழக்கம் பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் வெளிப்படுகிறது. பிள்ளையே வந்து சொல்வது அரிது.

அடுத்த அரை மணி நேரத்தில் பல வீடுகளில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அடி, அழுகை, 'குடும்ப மானமே போச்சு' என்ற கூச்சல், செல்போன் பறிப்பு, ஊரில் இருக்கும் மாமாவுக்குத் தகவல். வேறு சில வீடுகளில் எதுவுமே நடக்காது. 'வயசுக் கோளாறு, தானாச் சரியாயிடும்' என்று பாக்கெட் குப்பைக்குப் போய்விடும். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை இன்னும் நன்றாக ஒளித்து வைக்கிறது. கண்டுகொள்ளப்படாத பிள்ளை, வீட்டில் இது பெரிய விஷயமில்லை என்று எடுத்துக்கொள்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பதற்றம் தணிந்த பின் பேசுவது, எந்தப் பொருள் என்று அறிவது, ஆபத்தின் அளவை எடைபோடுவது, உரிய இடத்துக்கு அழைத்துப் போவது என்று வரிசையாகச் செல்லும் வழி அது. இந்த வரிசை குலையாமல் முதல் ஏழு நாட்களைக் கடக்கப் பெற்றோருக்கும், தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் என்றால் அந்தப் பெரியவர்களுக்கும் இந்த அத்தியாயம் உதவும். மகன் என்றாலும் மகள் என்றாலும் முறை ஒன்றுதான்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. மது, கஞ்சா, ஓபியம் வகைகள் எல்லாவற்றிலும் பெரியவர்களே அதிகம். ஆனால் முகர்ந்து போதை ஏற்றும் பசை, தின்னர், பஞ்சர் சொல்யூஷன் போன்றவற்றில் மட்டும் கணக்கு தலைகீழாக இருந்தது: 10 முதல் 17 வயதினரிடம் 1.17 சதவீதம், பெரியவர்களிடம் 0.58 சதவீதம். பெட்டிக்கடையிலும் ஸ்டேஷனரி கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைப்பவை இவை. பெற்றோரின் கவனம் கஞ்சாவிலேயே நிற்கும்போது இவை தப்பிவிடுகின்றன.

அதே 2019-இல் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 8.5 சதவீத மாணவர்கள் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவது தெரிந்தது. மெல்லும் வகைகளைப் பயன்படுத்தியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வயது நிறையும் முன்பே தொடங்கியவர்கள். அதாவது, ஒன்பதாம் வகுப்பில் கண்டுபிடிக்கப்படும் பழக்கம் நான்காம் வகுப்பில் தொடங்கியதாக இருக்கலாம்.

திட்டமிடுவதற்கும் விளைவை யோசித்து நிறுத்துவதற்கும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் ஒரே போதைப்பொருள் முப்பது வயதுக்காரரைவிடப் பதினைந்து வயதுப் பிள்ளையை வேகமாகப் பிடித்துக்கொள்கிறது. 'புத்தி சொல்லியும் கேட்கவில்லையே' என்ற கோபம் வரும்போது இதை நினைவில் வைத்தால் போதும்.

முதலில் உயிர்: எப்போது 108?

மற்ற எல்லாப் படிகளும் இதற்குப் பிறகுதான். கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் விசாரணையை ஒதுக்கிவைத்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும்:

- கூப்பிட்டாலும் தோளைத் தட்டினாலும் எழவில்லை
- மூச்சு மிக மெதுவாக வருகிறது, அல்லது குறட்டை போல இழுக்கிறது
- உதடும் நகமும் நீலம் பாய்கின்றன
- கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது
- வலிப்பு, நெஞ்சுவலி, நிற்காத வாந்தி
- இல்லாததைப் பார்ப்பது, கேட்பது, தற்கொலைப் பேச்சு

ஆம்புலன்ஸ் வரும் வரை செய்ய வேண்டியவை:

1. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே இருக்கும் காலை மடக்கி, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாது.
2. மூச்சு நின்றிருந்தால் நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் வேகமாக அழுத்தத் தொடங்குங்கள். 108-இல் பேசுபவர் சொல்லும்படி தொடருங்கள்.
3. ஒருவர் கூடவே இருக்க வேண்டும். 'தூங்கி எழுந்தால் தெளிஞ்சிடும்' என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு வருவது உயிரைப் பறிக்கும். கடைசியாகக் குடித்தது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும் என்பதால், படுத்த பிறகும் நிலைமை மோசமாகலாம்.
4. பக்கத்தில் கிடக்கும் பாட்டில், அட்டை, கவர் எதையும் தூக்கி எறியாமல் ஆம்புலன்ஸில் வருபவரிடம் கொடுங்கள்.

செய்யக் கூடாதவை: தலையில் தண்ணீர் ஊற்றுவது, மோர் அல்லது எலுமிச்சைச் சாற்றைப் புகட்டுவது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, நடக்க வைப்பது. நினைவு தெளியாதவர் வாயில் எது ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகலாம்.

இரண்டு ஆபத்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பசையோ தின்னரோ முகர்ந்திருக்கும் பிள்ளையை விரட்டவோ, திடுக்கிட வைக்கவோ, அடிக்கவோ கூடாது. இந்த ரசாயன ஆவி இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது. அந்த நேரத்தில் பயமும் ஓட்டமும் சேர்ந்தால் இதயம் சட்டென நின்றுபோகலாம். முதல் முறை முகர்ந்த பிள்ளைக்கும் இது நேரலாம். ஜன்னலைத் திறந்து காற்று வரச் செய்து, தாழ்ந்த குரலில் பேசி உட்கார வையுங்கள். பக்கத்தில் தீக்குச்சி, அடுப்பு எதுவும் எரியக் கூடாது.

கள்ளச்சாராயம் குடித்ததாகச் சந்தேகம் வந்தால், பிள்ளை தெளிவாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் உடலில் நஞ்சாக மாறப் பல மணி நேரம் ஆகும். வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் எல்லாம் அதன் பிறகே தலைகாட்டும். இதற்கு மருத்துவமனையில் மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு. சீக்கிரம் போனால் உயிரையும் கண்ணையும் காப்பாற்றலாம்.

நாள் 1: வாயை மூடி, கண்ணைத் திறந்து வைக்கும் நாள்

உயிருக்கு ஆபத்து இல்லையென்றால் முதல் நாள் பேச வேண்டிய நாளே அல்ல.

1. கிடைத்த பொருளைப் பாருங்கள். கைபேசியில் ஒரு படம் எடுங்கள். மாத்திரை அட்டை என்றால் பெயர் தெரியும் பகுதியை மருத்துவருக்காக எடுத்து வையுங்கள்.
2. 'யார்கிட்ட வாங்கினியோ அவன்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு வா' என்று பிள்ளையை அனுப்பாதீர்கள். விற்பவரிடம் மறுபடி நெருங்க வைப்பதும், வழியில் சிக்கினால் கடத்திய பழியைச் சுமக்க வைப்பதும் அதுதான்.
3. கஞ்சாவை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கிடைத்தது ஓரிரு பொட்டலத்துக்கு மேல் இருந்தால், பிள்ளையை யாரோ சரக்கு கைமாற்றப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். உடனே ஒரு வழக்கறிஞரையோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ அணுகுங்கள்.
4. கணவனும் மனைவியும் முதலில் தமக்குள் பேசி முடியுங்கள். ஒருவர் அடிக்க, ஒருவர் அணைக்க என்று பிரிந்தால் பிள்ளை அந்த இடைவெளியில் நுழைந்துவிடும். யார் பேசுவது, என்ன கேட்பது, எதற்கு விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பவை முடிவாக வேண்டும்.
5. உறவினர், பக்கத்து வீடு, குடும்ப வாட்ஸ்அப் குழு எங்கும் செய்தி போகக் கூடாது. சித்தப்பாவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். அவமானப்பட்ட பிள்ளை வீட்டைவிட்டு ஓடுவதும் தன்னை வருத்திக்கொள்வதும் நடக்கின்றன.

எந்தப் பொருள், என்ன அடையாளம்?

*மெல்லும் புகையிலை:* ஹான்ஸ், குட்கா, உதட்டுக்குள் அடக்கும் கூல் லிப் போன்றவை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வெண்திட்டு, அடிக்கடி துப்புவது, புதினா வாடை, காரம் பட்டால் வாய் எரிவது. வாயை அகலத் திறக்கச் சொல்லி, பிள்ளையின் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் வாய்த் தசை இறுகத் தொடங்கியிருக்கலாம். பல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். வெறும் பாக்குத்தூளும் இதைச் செய்யும்.

*சிகரெட், இ-சிகரெட்:* விரல் நுனி மஞ்சள், எந்நேரமும் மிட்டாய் அல்லது சூயிங்கம். இ-சிகரெட் பேனா போலவும் பென்டிரைவ் போலவும் இருக்கும். பழ வாசனை வரும். 2019 முதல் இந்தியாவில் இதன் விற்பனைக்குத் தடை.

*கஞ்சா:* சிவந்த கண், பையில் கண் சொட்டு மருந்து, மெல்லிய சுருட்டுத் தாள், திடீர்ப் பசி, காரணமற்ற சிரிப்பு, பிறகு எதிலும் பிடிப்பின்மை.

*மாத்திரை:* டாபென்டடால் போன்ற வலி மாத்திரைகளும், தூக்க மாத்திரைகளும் மாணவர்களிடம் சிக்குகின்றன. பட்டப்பகலில் தூங்கி வழிவது, குழறிய பேச்சு, சுருங்கிய கருமணி, வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கையில் ஊசித் தடம்.

*பசை, தின்னர்:* வாய், மூக்கைச் சுற்றிப் புண், ரசாயன வாடை, பிசுபிசுத்த துணி, பாலிதீன் கவர்.

*மது:* வாடையை மறைக்கப் பாக்கு அல்லது ஏலக்காய், நிறம் மாறிய குளிர்பான பாட்டில், நண்பன் பிறந்தநாள் என்று இரவு தங்கல்.

குறிப்பு: இவற்றில் பல, மனச்சோர்வு, தேர்வுப் பயம், காதல் தோல்வி, பள்ளியில் நடக்கும் கேலி, தூக்கமின்மை ஆகியவற்றுக்கும் பொருந்தும். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது. பொருளும் அடையாளமும் நடத்தை மாற்றமும் சேர்ந்து வந்தால்தான் அடுத்த படி.

நாள் 2: பேசும் நாள்

பிள்ளை தெளிவாக இருக்கும் நேரம், சாப்பிட்ட பிறகு, தம்பி தங்கை இல்லாத இடம். மொட்டை மாடி, மாலை நடை, வண்டியில் போய் ஓரமாக நிறுத்திப் பேசுவது என எதுவும் பொருந்தும். முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாய் திறக்க எளிது.

1. பார்த்ததை மட்டும் சொல்லித் தொடங்குங்கள். "தம்பி, நேத்து உன் பேன்ட் பையில இதப் பார்த்தேன். எனக்குப் பயமா இருக்கு. திட்டுறதுக்குக் கூப்பிடல. என்னன்னு நீயே சொல்லு, நான் கேக்குறேன்."
2. காத்திருங்கள். ஒரு நிமிட மௌனம் நீளமாகத் தெரியும். அதை நிரப்ப வேண்டாம்.
3. 'ஏன்' என்பதைவிட 'எப்ப, எப்படி' என்று கேளுங்கள். 'ஏண்டா இப்படிப் பண்ணே' என்பது குற்றச்சாட்டாகவே காதில் விழும். "முதல் தடவை எப்படி நடந்துச்சு? அது எடுத்துக்கிட்டா உனக்கு எப்படி இருக்கு?" என்றால் கதை வெளியே வரும்.
4. சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். "அப்போ, குரூப்ல எல்லாரும் போட்டாங்க, நீ மட்டும் தனியா நிக்கக் கஷ்டமா இருந்துச்சு, அப்படித்தானே?" கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பிள்ளைக்குப் புரிவது இந்த இடத்தில்தான்.
5. கடன் உண்டா என்று கேளுங்கள். விற்பவர்கள் முதலில் இலவசமாகவும் கடனுக்கும் கொடுத்து, பிறகு பணத்துக்காகப் பிள்ளையையே விற்க வைப்பதுண்டு. யாராவது மிரட்டுகிறார்களா, படமோ வீடியோவோ வைத்திருக்கிறார்களா என்பதும் தெரிய வேண்டும். மகள்களிடம் இதை அம்மாவோ நம்பிக்கையான அத்தையோ தனியாகக் கேட்பது நல்லது.
6. ஒரே ஒரு தெளிவான எல்லையோடு முடியுங்கள். "இந்த வீட்டுக்குள்ள இது வரக் கூடாது. நாளன்னிக்கு டாக்டரைப் பார்க்கப் போறோம். நானும் கூட வர்றேன்."

'எனக்கில்ல, ஃப்ரெண்டு வைக்கச் சொன்னான்' என்ற பதில் அநேகமாக எல்லா வீட்டிலும் வரும். பொய் என்று மல்லுக்கட்ட வேண்டாம். "சரி, அப்படியே இருக்கட்டும். அவனுக்காக நீ வச்சிருந்தாலும் ஆபத்து உனக்குத்தான். அதனால டாக்டர்கிட்ட பேசியே ஆகணும்" என்றால் போதும்.

பெற்றோர் அடிக்கடி செய்யும் தவறுகள்

- *சத்தியம் வாங்குவது.* பிள்ளை தலையிலும் சாமி படத்தின்மீதும் அடித்து வாங்கும் சத்தியம், முதல் சறுக்கலிலேயே உடையும். அதன் பிறகு பிள்ளைக்கு உண்மை சொல்ல வழியே இருக்காது. கோயிலில் கயிறு கட்டுவது குடும்பத்துக்குத் தெம்பு தரும் என்றால் கட்டலாம். மருத்துவரைப் பார்ப்பதும் அதோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.
- *சோற்றில் மருந்து கலப்பது.* 'தெரியாமல் கொடுக்கலாம், குடியை நிறுத்தும்' என்று பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரமாகும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மதுவை நிறுத்த மருத்துவர்கள் பெரியவர்களுக்குத் தரும் டைசல்ஃபிரம் மாத்திரையும், அது உடலில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தத்தைச் சரித்து உயிருக்கு உலை வைக்கலாம். குடிப்பவருக்குத் தெரியாமல் அதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.
- *ரகசியமாகச் சிறுநீர்ப் பரிசோதனை.* கடையில் கிடைக்கும் கிட் எல்லாப் பொருளையும் காட்டாது. சில இருமல் மருந்துகள் தவறான முடிவைத் தரும். பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர், பிள்ளைக்குச் சொல்லிவிட்டு முடிவுசெய்யட்டும்.
- *பிள்ளையையே பெட்டிக்கடைக்கு அனுப்புவது.* 'அப்பாவுக்கு ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா' என்பது கடைக்காரரின் முகத்தையும் விலையையும் பிள்ளைக்குப் பழக்கிவிடுகிறது. 18 வயதுக்குக் கீழானவருக்குப் புகையிலை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.
- *பள்ளியை நிறுத்துவது.* வீட்டில் பூட்டி வைத்த பிள்ளைக்கு நாள் முழுக்க வேறு வேலை இல்லை.

நாள் 3: அளவெடுக்கும் நாள்

எப்போதோ ஒருமுறை தொட்டுப் பார்த்த பிள்ளைக்கும், தினமும் இல்லாமல் முடியாத பிள்ளைக்கும் உதவி வேறு. பதின்ம வயதினருக்காக அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உருவான கிராஃப்ட் என்ற ஆறு கேள்வி முறையை உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன் சாரத்தை வீட்டுப் பேச்சாகக் கேட்கலாம்:

1. போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா? அப்படி இருக்கும்போது நீயே ஓட்டியதுண்டா?
2. மனசு லேசாக, அல்லது கூட்டத்தில் ஒருவனாகச் சேர, இதை எடுத்ததுண்டா?
3. தனியாக இருக்கும்போதும் எடுத்ததுண்டா?
4. எடுத்த பிறகு என்ன செய்தோம் என்றே மறந்துபோனதுண்டா?
5. வீட்டிலோ நண்பர்களோ 'குறைச்சுக்கோ' என்று சொன்னதுண்டா?
6. இதனால் வம்பில் மாட்டியதுண்டா?

இரண்டோ அதற்கு மேலோ 'ஆம்' வந்தால் மருத்துவ மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது. ஒன்றுகூட இல்லாவிட்டாலும், மாத்திரை, ஊசி, பசை இந்த மூன்றில் எது என்றாலும் நேரே மருத்துவரிடம்தான்.

எச்சரிக்கை: தூக்க மாத்திரையைத் தினமும் எடுத்த பிள்ளையை 'இன்னிலேர்ந்து கிடையாது' என்று திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். வலி மாத்திரையை ஊசியாகப் போட்ட பிள்ளை சில வாரம் விட்டுவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். இந்த இரண்டையும் வீட்டு வைத்தியத்தில் நிறுத்த முயலக் கூடாது.

நாள் 4: மருத்துவரிடம்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. ஓபி சீட்டு வாங்கினால் போதும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும், சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் போதைச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றவை. பெங்களூரு நிமான்ஸில் போதைச் சிகிச்சைக்கென்றே தனி மையம் இருக்கிறது.

1. எந்தப் பொருள், எவ்வளவு நாளாக, கடைசியாக எப்போது, வேறு மருந்து ஏதும் உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.
2. சிறிது நேரம் பிள்ளை மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள். வெளியே வந்ததும் 'என்ன சொன்னே' என்று குடையாதீர்கள்.
3. தூக்கம், பயம், கவனச்சிதறல், சோர்வு ஆகியவற்றுக்கும் பரிசோதனை கேளுங்கள். பல பிள்ளைகள் அவற்றைத் தணிக்கத்தான் போதையைத் தொட்டிருப்பார்கள்.
4. அடுத்த வருகைத் தேதியை வாங்காமல் கிளம்பாதீர்கள்.

பெரும்பாலான மாணவர்களுக்கு வெளிநோயாளிச் சிகிச்சையும் ஆலோசனையுமே போதும். உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பிள்ளைக்குத் தரும் பாதுகாப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். இரு வல்லுநர்கள் தனித்தனியே பார்த்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெரியவர்கள் இருக்கும் வார்டில் சேர்க்கக் கூடாது. சிகிச்சை முடியும் வரை பெற்றோரோ அவர்கள் அனுப்பும் ஆளோ கூடவே தங்கியாக வேண்டும்.

'மூணு மாசத்துக்குப் பார்க்க வரக் கூடாது, நாங்களே வண்டி அனுப்பித் தூக்கிட்டுப் போறோம்' என்று சொல்லும் தனியார் மையத்தில் பிள்ளையை ஒருபோதும் விடக் கூடாது. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் திரும்பிவிடுங்கள்.

நாள் 5: பள்ளியும் சட்டமும்

பள்ளியில் ஒரே ஒருவரிடம் மட்டும் பேசினால் போதும்: பிள்ளை மதிக்கும் ஆசிரியர், அல்லது தலைமையாசிரியர். மாணவர் பெயர்களை வரிசையாக ஒப்புவிக்காமல், 'பள்ளி வாசலுக்குப் பக்கத்தில் விற்கிறார்கள்' என்ற தகவலைக் கொடுங்கள்.

டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டல் வந்தால், எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கல்வி உரிமைச் சட்டம் அனுமதிக்கவில்லை என்பதை நினைவூட்டலாம். மேல்வகுப்பு என்றால் மருத்துவரின் சிகிச்சைச் சீட்டோடு போய், படிப்பைத் தொடரத் திட்டம் இருக்கிறது என்று காட்டுவது பலன் தரும்.

விற்பவர் மீது சட்டம் கடுமையானது. பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு, குழந்தைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. குழந்தையை வைத்து விற்பவருக்கும் கடத்துபவருக்கும் 78-ஆவது பிரிவில் அதே தண்டனை. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கூல் லிப் மாணவர்களிடம் பரவுவதைக் கண்டு, நாடு முழுவதும் அதைத் தடுக்க ஏன் கூடாது என்று கேள்வி எழுப்பியது.

பிள்ளை மீது வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் பலர் சிகிச்சைக்கே போவதில்லை. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு வைத்திருந்ததாகவோ உட்கொண்டதாகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகச் சிகிச்சைக்கு வந்து அதை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. 18 வயதுக்குக் கீழானவரின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்கே போகும். பெயரை வெளியிடுவது குற்றம்.

நாள் 6: தாகம் கிளம்பும் நேரத்துக்கு ஒரு திட்டம்

நிகோட்டினை விட்டால் முதல் மூன்று நாட்கள் மிகக் கடினம். எரிச்சலும் தவிப்பும் சில வாரங்களில் அடங்கும். தொடர்ந்து கஞ்சா எடுத்த பிள்ளைக்குத் தூக்கம் வராது, பசி குறையும், சள்ளென்று விழும். பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும். 'திமிரு' என்று அதற்கும் அடி விழுந்தால் அதுவரை செய்த எல்லாம் வீண்.

தாகம் சில நிமிடங்கள் உச்சத்தில் நின்று, பிறகு தானே இறங்கும். அந்த நேரத்தைக் கடக்க நான்கு படிகள்:

1. பத்து நிமிடம் தள்ளிப்போடு.
2. ஒரு சொம்புத் தண்ணீரை மெல்ல மெல்லக் குடி.
3. மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடு.
4. இடத்தை மாற்று: மாடிப்படி, சைக்கிள், யாருக்காவது போன்.

பிள்ளையோடு உட்கார்ந்து, எந்த இடம், எந்த நேரம், எந்த ஆள் என்று மூன்று பட்டியல் எழுதுங்கள். டியூஷனுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள நாற்பது நிமிடம், ஞாயிறு மதியம், திருவிழா இரவு என்று சிக்கலான நேரங்கள் அதில் தெரியவரும். நண்பன் நீட்டும்போது சொல்ல ஒரு வாக்கியத்தைப் பேசிப் பழகட்டும்: "வேணாம் மச்சி, கோச் டெஸ்ட் எடுக்குறாரு" என்பது "போதை தப்பு" என்ற உரையைவிடப் பதினைந்து வயதுக்குச் சொல்ல எளிது.

கைச்செலவுப் பணத்தை ஒரேயடியாக நிறுத்தினால் திருட்டு தொடங்கலாம். பேருந்துக்கும் தீனிக்கும் அன்றன்றைக்குத் தேவையான அளவு கொடுங்கள்.

நாள் 7: வெறுமையை நிரப்பும் நாள்

எடுத்துக்கொண்ட இடத்தில் வேறொன்றை வைக்காமல் பழக்கம் விலகாது. 1998-இல் ஐஸ்லாந்தில் 15, 16 வயது மாணவர்களில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது குடித்து வெறித்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதமாகச் சுருங்கியது. பெற்றோர் பிள்ளைகளோடு வார நாட்களிலும் நேரம் செலவிடுவது, இரவில் வெளியே சுற்றும் நேரத்துக்கு வரம்பு, விளையாட்டுக்கும் இசைக்கும் உள்ளாட்சி தந்த பண உதவி ஆகியவை அங்கே ஒன்றுசேர்ந்தன.

அதை ஒரு வீட்டளவில் செய்யலாம். மாலை ஐந்து முதல் ஏழு வரை பிள்ளை உடல் களைக்கும் ஒரு வேலையில் இருக்கட்டும்: கபடி, சிலம்பம், கைப்பந்து, பறையிசை, என்.சி.சி., எது பிடிக்கிறதோ அது. ஒருவேளைச் சாப்பாடாவது செல்போன் இல்லாமல் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். வீட்டில் அப்பாவுக்குப் புகையோ குடியோ இருந்தால் அவரும் அதே மருத்துவமனையில் ஒரு ஓபி சீட்டு வாங்கட்டும். பிள்ளை எதிர்பார்க்காத இந்த ஒன்று, பல வீடுகளில் பேச்சின் தொனியையே மாற்றிவிடுகிறது.

மறுபடி சறுக்கினால்

சறுக்கல் வரும் என்று முன்பே எதிர்பார்த்து வையுங்கள். பரீட்சை முடிந்த மறுநாள், ரிசல்ட் நாள், பழைய கூட்டத்தில் ஒரு கல்யாணம் என வழக்கமான சமயங்கள் இவை. வந்தால் மூன்றே கேள்விகள்: எங்கே, யாரோடு, அதற்கு முன் மனசில் என்ன ஓடியது? பதிலை நாள் ஆறில் எழுதிய பட்டியலில் சேர்த்துவிட்டு, மருத்துவரின் தேதியை முன்னுக்கு இழுங்கள்.

கைவசம் இருக்க வேண்டிய எண்கள்

- 108: அவசர ஊர்தி
- 1098: குழந்தைகள் உதவி எண்
- 14446: போதை மீட்பு ஆலோசனை
- 1800-11-2356: புகையிலையை விட உதவி
- 14416: டெலி-மனஸ் மனநல ஆலோசனை
- 14417: தமிழகப் பள்ளிக் கல்வித் துறை உதவி எண்
- 10581: தமிழக மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்குத் தகவல்
- 1933: தேசியப் போதைப்பொருள் தடுப்பு உதவி எண்

இவற்றைப் பிள்ளையின் கைபேசியிலும் பதிந்து கொடுங்கள். ஏரிக்கரையிலோ பாழடைந்த கட்டடத்திலோ ஒரு நண்பன் மயங்கி விழும்போது பக்கத்தில் இருக்கப்போவது பிள்ளைதான். அப்போது மாட்டிக்கொள்வோம் என்று பயந்து ஓடாமல், நண்பனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழைத்து, வண்டி வரும் வரை கூடவே இருக்க வேண்டும். அதைச் செய்ததற்காக வீட்டில் ஒரு திட்டும் விழாது என்று ஏழாம் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்கும் முறையைக் கூடத்துப் பாயில் தம்பி தங்கையை வைத்து ஒருமுறை செய்தும் பார்த்துவிடுங்கள்.